மேனேஜரின் மணல் பெட்டி

ஜூன் 3
வீடு

யாருக்கு எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். அதனால் மேலே பெயரோ முறையோ போடவில்லை. என் மகனுக்கும் உனக்கும் கோர்ட்டில் கேஸ் நடக்கும்போது நான் என்ன முறை போட்டாலும் ஏதாவது ஒரு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவான்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் நகராது. காகிதம் என்றால் இரண்டு பேருக்கும் நிதானம் இருக்கும். அதோடு என் காதும் கொஞ்சம் மந்தம்.

விஷயம் பூனை. விடுதியில் பூனைக்கு இடமில்லை என்று ஒரு சீட்டு எழுதிக் கூடையில் சொருகி, கூடையை என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேலியோடு போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்ட கதையாக, நானும் கூடையை உள்ளே தூக்கி வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் இங்கே குடித்தனம் பண்ணின காலத்தில் அதன் சாப்பாடு, தண்ணீர், மணல் எல்லாம் உன் பொறுப்பு. எது நகர்ந்தாலும் வந்து பார்வையிடுகிறது என்று அதற்கு 'மேனேஜர்' என்று பேர் வைத்தவளும் நீதான். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மணல் பெட்டியைச் சமையலறைக்குப் பின்னால் ஒரு மூலையில் வைத்தேன். அந்தப் பெட்டியைத் தவிர வீட்டில் எல்லா இடத்திலும் அது காரியம் பண்ணுகிறது.

முதலில் எனக்கு அது தெரியவில்லை. நடைவழிச் சுவரின் அடியில் ஈரத்தைப் பார்த்ததும் குழாய்க் கசிவு என்று முடிவு கட்டினேன். குடிநீர் இலாகாவில் வேலை பார்த்த காலம் முழுக்கக் கசிவு பிடித்தவன் நான். இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறு நுனியைக் காதில் வைத்து, பூமிக்கடியில் எங்கே ஓட்டை என்று கேட்டே சொன்னவன். என் வீட்டுச் சுவரில் எனக்கு யார் சொல்ல வேண்டும்? கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை உடைத்தேன். உள்ளே குழாயில் ஒரு பொட்டு ஈரமில்லை. கொத்தனார் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது குழாய்த் தண்ணி இல்லீங்க. வேற தண்ணி" என்றார்.

நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மேனேஜர் வந்தது. குவித்து வைத்த காரையின் மேல் ஏறியது. என் முகத்தை நேராகப் பார்த்தபடியே குந்திக் காரியத்தை முடித்துவிட்டு இறங்கிப் போனது. கொத்தனார் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கீழ் வீட்டுக்காரர் நாற்றம் என்று இரண்டு முறை வந்துவிட்டார். மாதக் கடைசிக்குள் இதற்கு வழி பண்ண வேண்டும். சாமான் கிடங்கில் வாட்ச்மேன் ஒருவர் எலி பிடிக்கப் பூனை கேட்கிறார். அவரிடம் கொடுத்துவிடப் போகிறேன். உன்னிடம் சொல்லாமல் செய்தேன் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

—

ஜூன் 8
பெண்கள் விடுதி

மாமா,

வேறு வார்த்தை கிடைக்கும்வரை இப்படியே எழுதுகிறேன். வக்கீல் கேட்டால் கைத்தவறு என்று சொல்லிக்கொள்ளலாம்.

சுவரை உடைத்ததைப் படித்து விடுதியில் தனியாகச் சிரித்தேன். அறைத் தோழி என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டாள். கடைசிப் பத்தியைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. மேனேஜரைக் கிடங்குக்கு அனுப்பாதீர்கள். அது எலியைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. கிடங்கில் நாய்கள் இருக்கும், லாரிகள் வரும். ஒரு வாரம்கூடத் தாங்காது.

உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி வருவேன்? அன்று ஹாலில் உங்கள் மகன் என்னைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். அவர் சொன்னதுகூட எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை, அவரை எனக்குத் தெரியும். உங்கள் தலையாட்டல்தான் இன்னும் தூக்கத்தில் வருகிறது. அப்புறமும் பூனையை ஏன் உங்கள் வாசலில் வைத்தாய் என்று கேட்டால், உலகத்தில் வேறு யாரையும் நம்பி அதை விடத் தோன்றவில்லை.

சரி, பூனைக்கு வருவோம். கெஞ்சிக் கேட்கிறேன், நான் சொல்வதை வரிசையாகச் செய்து பாருங்கள். முதலில் மிருக டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப் பையில் கல்லோ புண்ணோ இருந்தால் போகும்போது வலிக்கும். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிற ஒரு அம்மா சொன்னார்: அப்படி வலியோடு மணலில் உட்கார்ந்த பூனை, அந்தப் பெட்டிதான் தன்னை வலிக்க வைத்தது என்று நினைத்துக்கொள்ளுமாம். அப்புறம் பெட்டிப் பக்கமே போகாதாம். வலித்த இடத்தையே வலிக்குக் காரணம் என்று நினைப்பது நாம் மட்டும் இல்லை போல.

உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் மற்றதைப் பார்க்கலாம். மூடி போட்ட பெட்டி பிடிக்காமல் இருக்கலாம், மணல் பிடிக்காமல் இருக்கலாம், இடம் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும். கண் பரிசோதனையில் நாங்கள் இரண்டு லென்ஸைச் சேர்த்து மாற்ற மாட்டோம். ஒன்றை மாற்றி, "இப்ப நல்லா தெரியுதா, முன்னாடி நல்லா தெரிஞ்சுதா?" என்று கேட்போம். மேனேஜரையும் அப்படிக் கேளுங்கள்.

இன்னொன்று. கசிவு பிடிக்கப் போகும்போது தெருவைப் படமாக வரைவீர்கள் என்று அத்தை இருந்தபோது சொல்வார். வீட்டை அப்படி வரைந்து, அது நனைத்த இடத்தையெல்லாம் குறித்து எனக்கு அனுப்புவீர்களா?

—

ஜூன் 15
வீடு

படம் இத்துடன் இருக்கிறது. அளவு சரியாக இருக்கும். வட்டம் போட்டதெல்லாம் நனைந்த இடம். இரட்டை வட்டம் என்றால் திரும்பத் திரும்ப நனைத்தது.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். முகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு பேசினால் மனுஷனுக்கு என்ன புரியும்? மூன்று முறை கேட்டுவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றேன். கல் இல்லை, புண் இல்லை, நல்ல ஆரோக்கியம் என்று எழுதினாள். வாசனை மணல் வேண்டாம், மூடி வேண்டாம். நனைந்த இடத்திலெல்லாம் ஃபினாயில் ஊற்றினேன் என்று சொன்னதும், 'பூனைக்கு அது விஷம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். என் மூக்கும் வயசாளி மூக்கு, தாராளமாகத்தான் ஊற்றியிருந்தேன். எல்லாவற்றையும் கழுவிவிட்டேன். கடைசியாக, 'பெட்டியில் ஏதோ ஒன்று இதைப் பயமுறுத்துகிறது, அது என்ன என்று பூனையைத்தான் கேட்க வேண்டும்' என்று எழுதினாள். நீயும் அதையேதான் எழுதியிருக்கிறாய். பூனையிடம் கேட்கச் சொல்லவா இவ்வளவு படித்தீர்கள்?

நீ சொன்னபடி ஒவ்வொன்றாக மாற்றினேன். மூடியைக் கழற்றினேன், பலனில்லை. மணலை மாற்றினேன், அதுவும் இல்லை. சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். அதற்குப் பதிலாக என் செருப்பை நனைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அது ஜன்னலடியில் போய் நின்றபோது விரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பக்கமும் மோந்து இடம் பார்த்தது. காரியம் முடிந்ததும் திரும்பி நின்று, வெறும் தரையை முன்னங்காலால் பறண்டிப் பறண்டி, இல்லாத மண்ணை இழுத்து இழுத்து மூடியது. மண் இல்லை என்பது அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இருந்தும் விடாமல் மூடியது. ஒழுங்கு கெட்ட பிராணி என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவு ஒழுங்கை நான் மனுஷரிடம்கூட அதிகம் பார்த்ததில்லை. துணியை எடுத்து நானே துடைத்தேன், திட்டவில்லை.

அப்புறம் படத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். ஈரம் தெரிகிற இடத்தில் ஓட்டை இருக்காது, அது எங்கள் தொழிலில் முதல் பாடம். தண்ணீர் எங்கேயோ கிளம்பி எங்கேயோ தலை காட்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் பெட்டி இருக்கிற மூலைக்கும் நடுவில் ஒரு சுவராவது இருக்கிறது, பார். ஹால் ஜன்னலடி, நடைவழி, என் கட்டிலடி, நீங்கள் இருந்த அறையின் வாசல். அந்த அறையை நான் பூட்டி வைத்திருக்கிறேன். அதன் வாசலில்தான் இரட்டை வட்டம். அந்த மூலைக்கு முதுகு காட்டி ஓடுகிற மாதிரி இருக்கிறது. ஏன் என்று எனக்கு எட்டவில்லை.

தலையாட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தலையாட்டல்? நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன்.

ஈரத்துணி துவைத்தே மாளவில்லை. காலையும் மாலையும் மெஷின் ஓடுகிறது. மாதக் கடைசி நெருங்குகிறது.

—

ஜூன் 19
கண்ணாடிக் கடை

மாமா,

உணவு இடைவேளையில் எழுதுகிறேன், கையெழுத்தை மன்னியுங்கள். படத்தைக் கடை மேஜையில் விரித்து வைத்தேன். முதலாளி அம்மா எட்டிப் பார்த்து, "யாரு வரைஞ்சது? இவ்வளவு சுத்தமா இருக்கே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சமையலறைக்குப் பின்னால் என்றுதான் முன்பு எழுதியிருந்தீர்கள். படத்தில்தான் பார்த்தேன், பெட்டி இருப்பது வாஷிங் மெஷினை ஒட்டி. நான் இருந்தபோது பெட்டி எங்கள் அறையில் இருந்தது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்த மெஷினை நான் அவசரத்துக்குத்தான் போடுவேன். ஏன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

இதற்கு மேல் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஒருமுறை காது டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். அதனால் நான் எதையும் சொல்லவில்லை, ஒரு வேலை மட்டும் தருகிறேன். மெஷினைப் போடுங்கள். மெஷினைப் பார்க்காதீர்கள். மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்து அதன் காதுகளை மட்டும் பாருங்கள், துணி பிழிந்து முடியும்வரை.

கோபம் வந்தால் எனக்கு எழுதித் திட்டுங்கள். அதன் மேல் காட்டாதீர்கள்.

—

ஜூன் 24
வீடு

அம்மாடி,

கோபம் வந்தது. கடிதத்தை மடித்து மேஜைமேல் எறிந்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன். மறுநாள் நீ சொன்னபடி செய்தேன். நான் கண்டதை எழுத வார்த்தை போதுமா தெரியவில்லை.

மெஷினைப் போட்டுவிட்டு நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் எதிரே படுத்திருந்தாள். தண்ணீர் நிரம்பும்போது அவளுக்கு ஒன்றுமில்லை. பிழிகிற நேரம் வந்ததும் ஒரு காது சமையலறைப் பக்கம் திரும்பியது. இன்னொரு காது என் பக்கமே நின்றது. இரண்டு காதும் தனித்தனியாகத் திரும்பும் என்று இத்தனை வயதுக்கு எனக்குத் தெரியாது! அப்புறம் இரண்டும் பின்னால் மடிந்து தலையோடு ஒட்டிக்கொண்டன. கண் முழுக்கக் கறுப்பானது. வயிறு தரையில் படிய, முதுகு ரோமம் அலை அலையாக நடுங்கியது. எனக்கோ வீடு நிசப்தமாக இருந்தது. நான் சுகமாக உட்கார்ந்திருக்கிறேன், என் எதிரே ஒரு உயிர் இடி விழுந்த மாதிரி நடுங்குகிறது.

பரணிலிருந்து என் பழைய கம்பியை இறக்கினேன். ஒரு நுனியை மெஷினில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. எங்கள் இலாகாவில் மூத்தவர்கள் சிலர் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு கசிவு கேட்பார்கள், வாலிபர்கள் நாங்கள் ஒளிந்து நின்று சிரிப்போம். அது நினைவு வந்தது. கடித்தேன்.

அம்மா! மண்டைக்குள் ஓலம் இறங்கியது. இரும்பை இரும்பு அறுக்கிற ஓலம். தாடை எலும்பிலிருந்து உச்சிவரை ஏறியது. எத்தனை வருஷம் கழித்து எனக்கு ஒரு சத்தம்! பயந்து கம்பியை விட்டுவிட்டேன், மறுபடி எடுத்துக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல் கூசியதால் என்று வைத்துக்கொள்.

உனக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டது, ஆனாலும் என் கையால் எழுதுகிறேன். கொஞ்சம் மந்தம் இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்தச் செவிடன் நான்தான். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். முகத்தைத் திருப்பிக்கொண்டால் தலையாட்டுவேன். பூமிக்கடியில் ஊசித் துளையில் வழிகிற தண்ணீரைக் கேட்டவன், சோற்றுத் தட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுவது கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? என் மகனுக்கும் தெரியாது. கிழவர் பிடிவாதக்காரர், கூப்பிட்டால் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த ஓலத்துக்குப் பக்கத்தில்தான் பெட்டியை வைத்தேன், எனக்கு அமைதியான மூலை என்று நினைத்து. அவள் நனைக்க நனைக்க நான் துவைத்தேன், நான் துவைக்கத் துவைக்க அவள் நனைத்தாள். இதில் யார் பைத்தியம் என்று நீயே சொல்.

பூட்டிய அறையைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, தூசு தட்டி, உன் அலமாரிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தேன். வாசலைத் தாண்டி வந்து அவள் முதலில் அலமாரியை மோந்தாள். கட்டிலை மோந்தாள். அப்புறம் பெட்டியில் ஏறி, மணலைப் பறித்துக் குழி செய்து, உட்கார்ந்தாள். முடிந்ததும் இந்த முறை நிஜ மண்ணை இழுத்து மூடினாள். ஒரு முறை மோந்து பார்த்தாள், போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் மூடினாள். கோயில் கருவறையைப் பார்க்கிற மாதிரி ஒரு பூனையின் கக்கூஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று வெளியே யாரிடமும் சொல்லிவிடாதே.

மதியம் அந்த அறைத் தரையிலேயே படுத்திருந்தேன். அவள் வந்து என் தாடையில் தலையை முட்டி அப்படியே படுத்துவிட்டாள். அப்போது கேட்டது. கம்பி எதுவும் இல்லை, எலும்பு வழியாகவே வந்தது. கர், கர் என்று ஒரே சீராக. இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய சத்தமா? இத்தனை நாள் இது என் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்ததா? அசைந்தால் நின்றுவிடுமோ என்று கை மரத்துப்போகும்வரை அப்படியே கிடந்தேன்.

கிடங்கு வாட்ச்மேனிடம் வேறு பூனை பார்க்கச் சொல்லிவிட்டேன். மெஷினுக்கு மெக்கானிக் வருகிறான்.

நீ ஒரு தலையாட்டலைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று ஹாலில் என்ன பேசினீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுது.

—

ஜூன் 29
பெண்கள் விடுதி

மாமா,

நாள் முழுக்க ஜனங்களின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவள் நான். உங்கள் முகத்துக்கு எதிரே அத்தனை வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நீங்கள் என் உதட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பேசும்போது மட்டும் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறாரே, பாசம் என்று நினைத்திருந்தேன். இப்போதும் அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

நீங்கள் கேட்டது. அன்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினார். "அவ போகணும்னா போகட்டும்ப்பா. இனிமே அவ இந்த வீட்டுக்கு யாரும் இல்ல" என்றார். அப்புறம் உங்கள் பக்கம் திரும்பி, "சரிதானே?" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். அவ்வளவுதான்.

எழுதி முடித்த பிறகு பார்த்தால் மூன்றே வரி. இதைச் சுமந்துகொண்டு இத்தனை மாதம் நடந்திருக்கிறேன்.

ஒரு செய்தி. கடைக்கு மேலே ஒரு அறை காலியாகிறது. முதலாளி அம்மா பூனை இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து மேனேஜரை அழைத்துப் போகலாமா? அவள் இப்போது உங்களோடும் ஒட்டிக்கொண்டாள் என்று தெரிகிறது. சம்மதமா இல்லையா என்று எழுத்தில் வேண்டும். தலையாட்டல் செல்லாது.

—

ஜூலை 3
வீடு

அம்மாடி,

மழை வரும்போலிருக்கிறது, ஜன்னலைச் சாத்தலாமா என்று அன்று அவன் கேட்கிறான் என நினைத்தேன்.

எனக்குக் கேட்டிருந்தால் அன்று என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம். அதனால் எழுதவில்லை. மகனுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். எனக்குக் காது கேட்காது, அன்று நான் ஆட்டிய தலையை வைத்துக்கொண்டு நீ எதையும் முடிவு செய்யாதே என்று. உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது உங்கள் பாடு. அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன்.

பூனை உன்னுடையது. நீ தூக்கிப் போகும்போது நான் மாடியில் இருந்தால் ஏதும் நினைத்துக்கொள்ளாதே, துணி காயப்போட வேண்டியிருக்கும்.

ஞாயிறு வா. சம்மதம்.

—

ஜூலை 14
கடைக்கு மேல் அறை

மேலே எதுவும் போடாமல் தொடங்குகிறேன். உங்கள் முதல் கடிதம் மாதிரி.

நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது. வக்கீல் கை குலுக்கிவிட்டு, "இனிமே நீங்க ஃப்ரீ" என்றார். ஆட்டோவில் வரும்போது உங்கள் மகனை ஒருமுறைகூட நினைக்கவில்லை. இனி உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் கூப்பிடலாம் என்றும் யாரும் சொல்லவில்லையே.

அறைக்கு வந்தால் மெத்தை நனைந்திருந்தது. இது நாலாவது தடவை. நாம் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் செய்திருக்கிறேன். புதுப் பெட்டி, பெரியது, மூடி இல்லை. அதே ரக மணல். சத்தமில்லாத மூலை. இங்கே உள்ள டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார். பெட்டியில் இறங்கி நிற்கிறாள், சுற்றுமுற்றும் பார்க்கிறாள், ஏறி வந்துவிடுகிறாள். அப்புறம் மாடிப்படிப் பக்கம் ஒரு காதைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாடிப்படியில் யாரும் வருவதில்லை.

அவளைக் கூட்டி வந்தது தப்போ என்று தோன்றுகிறது. முதலாளி அம்மா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மெத்தை அவருடையது. உங்களைத் தொந்தரவு செய்ய எழுதவில்லை. என்ன விட்டுப்போயிற்று என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்.

—

ஜூலை 18
வீடு

அம்மாடி,

உன் கடிதம் வந்ததும் டாக்டரம்மாவிடம் போனேன். இப்போதெல்லாம் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்திருக்கிறேன். யாராவது பேச வந்தால் நீட்டிவிடுகிறேன். வெட்கமாக இருக்கும் என்று பயந்தது முதல் நாள் மட்டும்தான். கீழ் வீட்டுக்காரர் பக்கம் பக்கமாக எழுதுகிறார், மனுஷர் இவ்வளவு நல்ல பேச்சுக்காரர் என்று எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா எழுதியது இது: 'பழைய பெட்டியின் மணலில் ஒரு பிடி எடுத்துப் புதுப் பெட்டியில் தூவுங்கள். தன் வாசனை இருக்கும் இடம்தான் அதற்குத் தன் இடம்.' நமக்கு வீடு என்றால் சுவர், கதவு, பட்டா. அவளுக்கு ஒரு பிடி மணல் போதும். இதைப் படித்துவிட்டு டாக்டரம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அடுத்த ஆள் வந்து நாயோடு நிற்கும்வரை.

நீ அவளைக் கூட்டிப் போன பிறகும் அந்தப் பெட்டியை நான் கழுவவில்லை. ஏன் என்று கேட்காதே. எப்படியோ, நல்லதாகப் போயிற்று. மணலை ஒரு மூடி போட்ட டப்பாவில் நிரப்பி, துணியில் கட்டி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் தபால்காரர் என்னை மன்னிக்க மாட்டார். அதனால் நானே கொண்டுவருகிறேன். ஊர் விட்டு ஊர் பஸ் ஏறி எத்தனையோ காலமாகிறது. ஞாயிறு காலை வந்துவிடுவேன். மாடிப்படி ஏறும்போது என் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாது, அவள் காதைப் பார்த்து நீ தெரிந்துகொள்.

முறை பற்றி எழுதியிருந்தாய். அதற்கு எனக்கு எழுதத் தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இன்று டிக்கெட் எடுக்கப் போனேன். லக்கேஜ் கட்டணம் உண்டா என்று கேட்க வேண்டும் என்பதால் டப்பாவையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் டப்பாவைக் காட்டி ஏதோ கேட்டார். நோட்டை நீட்டினேன். 'உள்ளே என்ன?' என்று எழுதினார். பூனை உபயோகித்த மணல் என்றேன். பென்சிலை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மறுபடி எடுத்து, 'யாருக்கு?' என்று எழுதினார்.

என் மருமகளுக்கு என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.